குளிர் மேல பழி போடாதீங்க!

டிசம்பர் பிறந்தால் போதும், பெங்களூரில் இருக்கும் தமிழ் வீடுகளில் ஒரு வசனம் கேட்க ஆரம்பித்துவிடும். "வெளியே பனி கொட்டுது, சளி பிடிச்சுக்கும், உள்ளேயே இரு." பிப்ரவரி வரைக்கும் இதே பாட்டுதான். மார்ச்சில் பரீட்சை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில், பாதி நாள் ஊருக்குப் போய்விடுவோம். ஜூனிலிருந்து மழை. ஒரு வங்கிக்காரனாக இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பிள்ளைகள் வெளியே போய் விளையாடத் தோதான நாள் என்று நம் பாஸ்புக்கில் ஒன்றுமே மிச்சம் இல்லை. இருப்பு பூஜ்யம்.

இந்தப் பதிவு அந்த முதல் சாக்கைப் பற்றியது. அதாவது குளிர். அதையும் பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு பொருளை வைத்துப் பேசுகிறேன்: பறக்கும் தட்டு. ஃப்ரிஸ்பீ என்றால் எல்லோருக்கும் புரியும். (வேற்றுக்கிரக ஆசாமிகள் வந்து இறங்குவார்களே, அது இல்லை :-))

ஏன் தட்டு? காரணம் இருக்கிறது. கபடிக்கோ கோ-கோவுக்கோ காற்று எப்படி இருந்தால் என்ன? தட்டு அப்படியில்லை. அது முழுக்க முழுக்கக் காற்றை நம்பிப் பிழைக்கிற ஜீவன். குளிர் ஏதாவது ஒரு விளையாட்டைக் கெடுக்கும் என்றால் முதலில் இதைத்தான் கெடுக்க வேண்டும். இதிலேயே குளிரின் பங்கு சில்லறைதான் என்று காட்டிவிட்டால், மற்ற விளையாட்டுகளுக்குச் சாக்கு சொல்லவே வழியில்லை. என் கட்சி இதுதான்.

காத்து ஹெவியா இருக்கு சார்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு மைதானப் பக்கம் போனால் தட்டு வீசுகிற பையன்களைப் பார்க்கலாம். ஏன்ப்பா போக மாட்டேங்குது என்று கேட்டால் வருகிற பதில்: "குளிர்ல காத்து ஹெவியா இருக்கு சார்."

இது பொய் இல்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானதுதான். ஆனால் எவ்வளவு? அங்கேதான் யாரும் கால்குலேட்டரை எடுப்பதில்லை. நான் காமர்ஸ் படித்தவன், இயற்பியல் பட்டம் எல்லாம் கிடையாது. ஆனால் இந்தக் கணக்குக்குப் பத்தாம் வகுப்பு போதும்.

காற்றின் அடர்த்தி இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று அழுத்தம், இன்னொன்று வெப்பநிலை. வெப்பநிலையோடு 273ஐக் கூட்டிக்கொண்டு வகுக்க வேண்டும். பெங்களூரில் ஜனவரி விடியற்காலை சுமார் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 288 வருகிறது. மார்ச் மாத மத்தியானம் 32 டிகிரி. 305 வருகிறது. 305ஐ 288ஆல் வகுத்தால் 1.06. ஆக, ஜனவரி விடியற்காலைக் காற்று மார்ச் மத்தியானக் காற்றை விட 6 சதவீதம் கனம். அவ்வளவுதான் சாமி! இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

இன்னொரு வேடிக்கை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் சென்னையை விட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. அதனால் நம் ஊர் விடியற்காலைக் குளிரில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.10 கிலோ. சென்னைக் கடற்கரையில் 30 டிகிரி சாயங்காலத்தில் அதே கனமீட்டர் சுமார் 1.15 கிலோ. (அங்கே ஈரப்பதம் அதிகம், ஈரக்காற்று உலர்ந்த காற்றை விட லேசானது. அதையும் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.) புரிகிறதா? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிற பெங்களூர்க் காற்று, வியர்த்துக் கொட்டுகிற சென்னைக் காற்றை விட லேசு! மெரினாவில் வளர்ந்துவிட்டு இங்கே வந்து "காத்து ஹெவி" என்று சொன்னால் எப்படி?

டொராண்டோவில் மைனஸ் 10 டிகிரியில் இதே கணக்கைப் போட்டால் சுமார் 1.34 கிலோ வரும். நம்மை விட 20 சதவீதத்துக்கு மேல் அதிகம். அங்கே இருக்கிற நம் உறவுக்காரர்கள் குளிரைப் பற்றிப் புலம்பினால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அங்கே என்ன செய்கிறார்கள்? டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு. கோல்ஃப் மாதிரியே, ஆனால் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. முதல் நிரந்தரத் திடலை 1975ல் எட் ஹெட்ரிக் என்பவர் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்தார். குளிர் நாடுகளில் பனி பெய்தாலும் இதை விட மாட்டார்கள். தட்டு பனியில் புதைந்துவிட்டால் கண்டுபிடிக்க, அதன் அடியில் ஒரு கலர் நாடாவை ஒட்டி வீசுகிறார்கள். பெங்களூரின் சரித்திரத்திலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரியில். நாம் எதற்குப் பயப்படுகிறோம்?

பம்பரம் தெரிந்தால் தட்டும் தெரியும்

சரி, தட்டு எப்படிப் பறக்கிறது என்று பார்த்துவிடலாம். இது தெரிந்தால்தான் குளிர் எங்கே நுழைகிறது என்று புரியும்.

தட்டுக்குள் இரண்டு சமாச்சாரம் நடக்கிறது. ஒன்று, விமான இறக்கை வேலை. குவிந்த மேல்பக்கமும் லேசாகத் தூக்கிய முன்விளிம்புமாகக் காற்றை அது கீழே தள்ளுகிறது, காற்று அதை மேலே தூக்குகிறது. இரண்டு, பம்பர வேலை. சுழலாத தட்டை வீசிப் பாருங்கள், காற்றில் குட்டிக்கரணம் போட்டு விழும். சுழல்கிற பம்பரம் ஆணியில் நிற்பது போல, சுழல்கிற தட்டு தன் நிலையை விடாமல் போகும்.

பம்பரம் விட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சுற்றும் பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் விழாது. பக்கவாட்டில் சாய்ந்து வட்டமடிக்கும். தட்டும் அப்படியே. வலதுகைக்காரர் உடம்புக்குக் குறுக்கே கையை இழுத்து வீசுகிற வீச்சில், மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் திசையில் சுழலும். வேகம் குறையக் குறைய, காற்று அதன் மூக்கை மேலே தள்ளப் பார்க்கும். பம்பர விதிப்படி மூக்கு மேலே போகாது. அதற்குப் பதில் தட்டு இடதுபக்கம் சாயும். அதனால்தான் வலதுகைக்காரரின் தட்டு கடைசியில் இடதுபக்கம் வளைந்து இறங்குகிறது. "நேராத்தானே போட்டேன், ஏன் வளையுது" என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் இது. யாரும் திட்ட வேண்டியதில்லை, அது தட்டின் குணம்.

இப்போது குளிரை உள்ளே கொண்டு வருவோம். காற்று அடர்த்தியானால் தூக்குவிசையும் அதே விகிதத்தில் கூடும், தடையும் அதே விகிதத்தில் கூடும். ஒரு கையில் வரவு, மறு கையில் செலவு. மெல்லிய காற்றில் இரண்டும் குறையும். தட்டு சீக்கிரம் சாய்ந்து இறங்கும். ஆக பெங்களூர்த் தட்டுக்கு உண்மையான வில்லன் குளிர் இல்லை, உயரம். அதுவும் பெரிய வில்லன் இல்லை.

மூன்று வரி லெட்ஜர்

ஒரு பையன் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் தட்டை வீசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மூன்று வரி எழுதுகிறேன்.

முதல் வரி: குளிர். 32 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறங்கினால் தூக்குவிசையில் மாற்றம் 6 சதவீதம். அதுவும் கூடுதல்!

இரண்டாவது வரி: எதிர்காற்று. வினாடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்குப் பதினோரு கிலோமீட்டர். மரத்தில் இலை அசைகிற இளந்தென்றல். தட்டுக்கு இப்போது காற்றின் வேகம் 18. 18ஐ வர்க்கமாக்கி 15இன் வர்க்கத்தால் வகுத்தால் 1.44. மாற்றம் 44 சதவீதம். தட்டு ஜிவ்வென்று மேலே ஏறுவதும் எங்கேயோ போய் விழுவதும் இதனால்தான்.

மூன்றாவது வரி: கை. விரல் விறைத்து, தோள் இறுகி, வீச்சு வேகம் 10 சதவீதம் குறைந்தால், 0.9இன் வர்க்கம் 0.81. நட்டம் 19 சதவீதம்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்க் காற்று கொடுத்த 6 சதவீத வரவை, குளிர்ந்த கை 19 சதவீதச் செலவாக விழுங்கிவிடுகிறது. காற்றை நம்மால் சூடாக்க முடியாது. கையை முடியும். பத்து நிமிடம் மெதுவாக ஓடி, தோளைச் சுழற்றி, இடுப்பைத் திருப்பி, விரல்களை மடக்கி நீட்டினால் போதும். சாக்கு சொல்வதற்கு ஆகும் நேரத்தை விடக் குறைவு.

இன்னொரு நிஜ எதிரி, பனித்துளி. புல்லில் விழுந்து எடுத்த தட்டின் விளிம்பு ஈரமாக வழுக்கும். அதற்கு மருந்து ஒரு பழைய துண்டு. இடுப்பில் சொருகிக்கொண்டால் ஆயிற்று. மைனஸில் போனால் பிளாஸ்டிக் இறுகி, தரம் குறைந்த தட்டு விரிசல் விடும் என்பதும் உண்மை. ஆனால் 15 டிகிரியில் அந்தப் பேச்சே இல்லை.

இதே ஊரில் மற்றவர்கள் எறிவது

இந்த மெல்லிய காற்று வேறு யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

கிரிக்கெட்டில் அடிப்பவருக்கு லாபம். சின்னசாமி ஸ்டேடியத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று புனே வாரியர்ஸுக்கு எதிராக கிறிஸ் கெய்ல் 66 பந்தில் ஆட்டமிழக்காமல் 175 எடுத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 17 சிக்ஸர். பவுண்டரி சின்னது என்பார்கள், அதுவும் சரி. ஆனால் பந்துக்குக் காற்றுத்தடை சென்னையை விடக் குறைவு என்பதும் கணக்கில் வரும். (கெய்லின் புஜத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது வேறு விஷயம்!)

வட்டு எறிதலில் கதை தலைகீழ். ஆண்களுக்கான வட்டு 2 கிலோ, குறுக்களவு சுமார் 22 செ.மீ. அதுவும் காற்றில் மிதந்து போகிற பொருள்தான். அதனால் அடர்த்தியான காற்றும் எதிர்காற்றும் அதற்கு உதவி. மெல்லிய காற்று சற்று நட்டம். லித்துவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 2025 ஏப்ரலில் 75.56 மீட்டர் எறிந்து உலக சாதனை செய்தது அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ரமோனா என்ற இடத்தில், காற்று விடாமல் வீசும் சமவெளியில். 1986லிருந்து அசையாமல் இருந்த சாதனையை 2024ல் அவர் முறியடித்ததும் அதே இடத்தில்தான்.

பறக்கும் தட்டின் தூர சாதனையும் காற்றின் தயவுதான். 2016ல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் வீசியது நெவாடா பாலைவனத்தில், பின்னாலிருந்து பலத்த காற்று தள்ளும்போது. சாதனைக்காரர்கள் காற்றடிக்கிற இடத்தைத் தேடிப் போகிறார்கள். நாம் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வட்டு என்றதும் கர்நாடகத்தில் சொல்ல வேண்டிய பெயர் விகாஸ் கௌடா. 1983ல் மைசூரில் பிறந்தவர், சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போய் அங்கே வளர்ந்தவர். 2012ல் 66.28 மீட்டர் எறிந்து தேசிய சாதனை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம். 2017ல் பத்மஸ்ரீ. அவருடைய அப்பா சிவே கௌடாவும் தடகள வீரர், பயிற்சியாளர். ஊரை விட்டு ஊர் போன குடும்பம் என்றால் பிள்ளை சாஃப்ட்வேர் மட்டும்தான் படிக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்பதற்காக இவரைச் சொல்கிறேன். நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தானே.

ஈட்டி வேறு ரகம். 2025 ஜூலை 5 அன்று நம் கண்டீரவா ஸ்டேடியத்தில் நீரஜ் சோப்ரா கிளாசிக் நடந்தது. நீரஜ் 86.18 மீட்டர் எறிந்து முதலிடம். கென்யாவின் ஜூலியஸ் யேகோ இரண்டாவது, இலங்கையின் ருமேஷ் பதிரகே மூன்றாவது. அன்று ஸ்டேடியத்துக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டுக்கு வந்து எதையாவது எறிந்து பார்த்தார்கள்? எறிய இடம் எங்கே இருந்தது? அதற்கு வருகிறேன்.

எறிவது நமக்குப் புதுசா?

என் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். அதனால் வளரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வளைதடி என்றும் சொல்வார்கள். வளைந்த மரத்துண்டு, ஒரு முனை கனம், ஒரு முனை லேசு. லேசான முனையைப் பிடித்து, தலைக்கு மேலே சுழற்றி, சுழற்சியோடு விடுவது. சுழற்சியால் நிலைத்து, காற்றால் தாங்கப்பட்டுப் போகிற பொருள். தட்டுக்கு அண்ணன் முறை.

மருது பாண்டியர் காலத்தில் இது போர்க்கருவி. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1830ல் வெளியான தன் நினைவுக்குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். நூறு கஜத்துக்குள் குறி தவறாமல் அடிக்கும் என்றும் சொல்கிறார். நூறு கஜம் என்றால் 91 மீட்டர். 1801 அக்டோபர் 24ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட படையெடுப்பில் அந்த வெல்ஷும் இருந்தார் என்பதுதான் வருத்தமான விஷயம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எறிவது ஒரு வித்தை. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால்தான் வரும். எதிரிப் படையின் அதிகாரிக்கே ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாம் பெற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதற்கு என்ன தயக்கம்?

கையால் எறியாதே, இடுப்பால் எறி

சொல்லித் தருவதும் பெரிய காரியம் இல்லை. வலதுகைப் பிள்ளை என்று வைத்துச் சொல்கிறேன்.

கட்டைவிரல் தட்டின் மேலே, மற்ற விரல்கள் விளிம்புக்கு உள்ளே மடங்கி. இறுக்கிப் பிழிய வேண்டாம். எறிய வேண்டிய திசைக்கு வலது தோளைக் காட்டிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். தட்டை இடது பக்கம் பின்னால் கொண்டு போகும்போது தோளும் கூடவே திரும்ப வேண்டும். வலது காலை முன்னே வைத்து, முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. சாட்டையைச் சொடுக்குவது போல. சாட்டையின் பிடி மெதுவாகத்தான் நகரும், நுனிதான் சொடக்கென்று வெடிக்கும். அந்த நுனிதான் மணிக்கட்டு. சுழற்சி அங்கேதான் பிறக்கிறது.

தட்டை நெஞ்சுக்குப் பக்கத்தில் நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். உடம்பைச் சுற்றி அரைவட்டமாகக் கொண்டு வந்தால் தட்டு வலதுபக்கம் பறந்துவிடும். முன்விளிம்பு ரொம்பத் தூக்கியிருந்தால் தட்டு மேலே ஏறி, நின்று, பின்னால் விழும். இந்த இரண்டையும் சரி செய்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. முதல் வாரம் பத்து மீட்டர் தூரத்துக்கு மேல் நிற்க விடாதீர்கள். தூரம் தானாக வரும்.

இதில் பலம் கடைசி. ஒழுங்கு முதல். அதனால்தான் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை, புஜபலம் காட்டுகிற அப்பாவை விடத் தூரமாக வீசுவது சாதாரணமாக நடக்கிறது.

நிஜமான சண்டை எங்கே?

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் வெளியே வராததற்குக் குளிர் காரணம் இல்லை. மூன்று வேறு காரணங்கள். மூன்றுமே நம் கையில் இருப்பவை.

ஒன்று, அடுக்ககத்தின் போர்டு. "இங்கே பந்து விளையாடக் கூடாது." எங்கள் பக்கத்து அடுக்ககங்கள் பலவற்றில் இதைப் பார்க்கிறேன். இரண்டாவது காருக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த சங்கக் கூட்டத்துக்கு, பிள்ளைகளுக்கு முப்பது மீட்டர் புல்தரை ஒதுக்கத் தெரியவில்லை. புல்தரை இருந்தாலும் அது ப்ரோஷரில் போட்டோ எடுப்பதற்கு. கர்நாடகத்தில் பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்க 1985லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அரசுக்கே தோன்றியது காம்பவுண்டுக்குள் இருக்கும் நமக்குத் தோன்ற வேண்டாமா? அந்தக் கூட்டங்களில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். "நாம வெளியூர்க்காரங்க, எதுக்கு வம்பு" என்று வாயைத் திறப்பதில்லை. இருபது வருடமாக இங்கே இ.எம்.ஐ. கட்டுகிறவன் எப்படி வெளியூர்க்காரன் ஆவான்?

இரண்டு, பெண்பிள்ளைகள். பத்து வயது வரை ஓடி விளையாடுகிறவர்கள், பன்னிரண்டு, பதின்மூன்றில் காணாமல் போகிறார்கள். அப்போது நாம் சொல்கிற சாக்குதான் குளிர், வெயில், இருட்டு எல்லாம். தட்டை வைத்து ஆடும் அல்டிமேட் ஆட்டத்தைப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலத் திடல், பக்கத்துக்கு ஏழு பேர். தட்டின் எடை 175 கிராம். ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுகிற கலப்புப் பிரிவு உலகப் போட்டிகளிலேயே உண்டு. 1968ல் நியூஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆரம்பித்தது. 2015ல் இதன் உலகக் கூட்டமைப்பை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முழுமையாக அங்கீகரித்தது. நம் சென்னையிலேயே கடற்கரை மணலில் இதை ஆடுகிற ஃப்ளைவைல்ட் அணியைப் பற்றி '175 கிராம்ஸ்' என்று 2015ல் ஒரு குறும்படம் வந்தது. சில நிமிடப் படம்தான், பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. ஃபவுல் என்றால் ஆடுகிறவரே சொல்ல வேண்டும், எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பேசித் தீர்க்க வேண்டும். உலகப் போட்டி வரை இப்படித்தான். தினமும் கையெழுத்துச் சரிபார்த்தே பொழுது போக்குகிற எனக்கு, இது நடக்கிற காரியமா என்று முதலில் தோன்றியது. நடக்கிறது. நம் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் பெரியவர்களிடம் பஞ்சாயத்துக்கு வருகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறோமே, அதற்கு இதை விட நல்ல பயிற்சி வகுப்பு எனக்குத் தெரியவில்லை.

மூன்று, நாம். அப்பா, அம்மா. கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஷூ, யூனிபார்ம், கிட் என்று ஒரு மாதச் சம்பளத்தில் துண்டு விழுகிறது. தட்டு எறிய வேண்டியது ஒரு தட்டும் எதிரே ஒரு ஆளும். அந்த எதிரே நிற்கிற ஆள்தான் வீட்டில் கிடைக்க மாட்டேன் என்கிறார்!

"ஆஸ்துமா இருக்கே சார்?"

இதைச் சொன்னால் வருகிற எதிர்க்கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் நான் தலைவணங்குகிறேன். பெங்களூரின் தூசும் மகரந்தமும் பல பிள்ளைகளுக்கு மூச்சுத் தொந்தரவு கொடுக்கின்றன. குளிர்ந்த உலர்காற்றில் வேகமாக ஓடினால் சிலருக்கு இழுப்பு வரும். அந்தப் பிள்ளைகள் டாக்டரைக் கேட்டு, இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு போகட்டும். டிசம்பரில் காலை ஒன்பது மணி வெயில் பெங்களூரில் எவ்வளவு சுகம் என்று உங்களுக்கே தெரியும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுப்பிக் கூட்டிப் போக வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

"கண்ணாடி உடையுமே" என்பார்கள். 175 கிராம் பிளாஸ்டிக் கிரிக்கெட் பந்தை விடச் சாது. ஆனாலும் கார் நிற்கும் இடத்தில் வீசக் கூடாது, சின்னக் குழந்தைகள் குறுக்கே வரும் நேரத்தில் வீசக் கூடாது. ஒரு மணி நேரம் குறித்துக் கொடுத்தால் பிரச்சினையே இல்லை.

"படிப்பு?" என்பார்கள். அரைமணி நேரம் தட்டு எறிந்ததால் மார்க் போயிற்று என்று சொல்கிற பிள்ளையின் செல்போன் திரையில் போன வாரம் எத்தனை மணி நேரம் காட்டுகிறது என்று ஒரு தடவை பாருங்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

செய்ய வேண்டியது

நீட்டி முழக்காமல் முடிக்கிறேன். இந்த ஜனவரியில் மூன்று காரியம் செய்யலாம். 175 கிராம் தட்டு ஒன்று வாங்குங்கள். கடற்கரையில் விற்கிற லேசான பொம்மைத் தட்டு வேண்டாம், அது சின்னக் காற்றுக்கே தள்ளாடும், பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, சனி ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை புல்தரை பிள்ளைகளுக்கு என்று ஒரு தீர்மானம் கேளுங்கள். கன்னடத்தில் கேட்டால் இன்னும் நல்லது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரருக்கும் இதே கவலைதான், நாம் பேசாததால் தெரியாமல் இருக்கிறது. மூன்றாவது, பெண்பிள்ளை இருக்கிற வீடு என்றால் முதல் தட்டை அவள் கையில் கொடுங்கள்.

குளிர் 6 சதவீதம்தான். மிச்சமெல்லாம் நம் கணக்கில் வருகிறது.

டிஸ்கி: மேலே உள்ள அடர்த்திக் கணக்கெல்லாம் முழு எண்ணுக்குப் பக்கத்தில் தள்ளிப் போட்டது. இயற்பியல் வாத்தியார்கள் யாராவது இருந்தால் தசமப் புள்ளிக்காகச் சண்டைக்கு வராமல், தட்டோடு மைதானத்துக்கு வரவும் :-)